பாதிக் கோப்பி

நார்வே நாட்டின் வடகோடியில், அதற்கு மேலே ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு மீன் தொழிற்சாலையும் ஒரு தேவாலயமும் நாற்பது தமிழ்க் குடும்பங்களும் இருந்த சின்னத் துறைமுகத்தில், ஆனி மாதம் நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை சிவபாதம் என்பவரின் வீட்டுக்குள் நுழைந்த நாள், பத்தொன்பது நாளாகியும் வெளியே போகவில்லை. ஊர் முழுக்கப் புதன் வந்தது, வியாழன் வந்தது, மீன் லாரிகள் வந்து போயின, தேவாலயத்தில் இரண்டு கல்யாணங்கள் நடந்தன. அந்த ஒரு வீட்டில் மட்டும் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அந்தப் பருவத்தில் அங்கே இரண்டு மாதத்துக்குச் சூரியன் மறைவதே இல்லை என்பதால் முதலில் யாரும் இதைக் கவனிக்கவும் இல்லை. காரணம் நான்தான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆவணப்படம் எடுக்கிறவள். சென்னையிலிருந்து நானும் ஒளிப்பதிவாளர் ஜெரால்டும் போயிருந்தோம். இருந்ததே இரண்டு பேர்தான், ஒலியையும் அவரே பார்த்துக்கொண்டார். நாற்பது வருடங்களுக்கு முன்னால் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து அங்கே போய், முழங்கால்வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு, குளிர் தண்ணீரில் நின்று மீன் வெட்டிப் பிழைத்தவர்களைப் பற்றிய படம். எட்டு நாள் எடுத்தும் கதை கிடைக்கவில்லை. எல்லாரும் நன்றாக இருந்தார்கள், அதுதான் சிக்கல். வேலைக்குப் போனார்கள், வந்து மீன் குழம்பு வைத்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் படகு வாங்கியிருந்தார்கள். நன்றாக இருப்பவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தயாரிப்பாளர் தினமும் ஃபோனில், "ஏக்கம் வேணும் மேடம். ஊரை நெனச்சு யாராவது ஒருத்தர் கலங்கணும். இல்லன்னா யாரு பாப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சிவபாதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அறுபத்தெட்டு வயது, முப்பத்துநாலு வருடம் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், நுரையீரலில் புற்று. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார். புதன்கிழமையைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதைக் கேட்டதும் நான் சந்தோஷப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது. கடைசி நாள், கடல் பார்த்த சன்னல், சாகப் போகிற மனிதர்: கதை தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவருடைய மனைவி மங்கையர்க்கரசி கதவைத் திறந்து, "வாங்கோ பிள்ளை, முதல் கோப்பி குடியுங்கோ" என்று எங்களை உள்ளே விட்டார். வல்லிபுரத்து ஆழ்வார் கோயிலுக்குப் பக்கத்து ஊர்க்காரர். அன்றைக்கு ஏகாதசி விரதம், கோப்பி தவிர வேறொன்றும் வாயில் படாது. கூடத்தில் சன்னல் பக்கம் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டில் போட்டிருந்தது. கட்டிலின் வலப்பக்கம் அந்த அம்மாவின் நாற்காலி. இடப்பக்கம் சன்னலோரம் காமிராவை வைத்தோம். குளிர்பெட்டி உறுமுகிறது என்று ஜெரால்டு அதை அணைத்தார். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் மைக்கில் விழுகிறது என்று அதன் பாட்டரியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் தொழிலில் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் செய்கிற காரியங்கள் இவை. கடிகாரம் நாலு பத்தில் நின்றது.

"ஐயா, இந்தக் கடலப் பாக்கிறப்ப உங்களுக்கு ஊர்க் கடல் ஞாபகம் வரும்ல?" என்று ஆரம்பித்தேன்.

அவர் கையிலிருந்த கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "ஏன் பிள்ளை? அது வேறை கடல், இது வேறை கடல்."

"ஒரு தடவ பருத்தித்துறைக்குப் போயிட்டு வரணும்னு மனசுக்குள்ள..."

"முந்தின வரியம் போய் வந்தனாங்கள்தானே. சரியான வெக்கை. ரெண்டு பேருக்கும் மேலெல்லாம் பொக்குளம்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கட்டிலோரம் போய் உட்கார்ந்து, "ஐயா, 'ஊர்க் கடலை ஒருக்காப் பாத்தாக் காணும்'னு மட்டும் சொல்லுங்களேன், எனக்காக" என்று கெஞ்சினேன். அவர்கள் பேச்சில் 'காணும்' என்றால் 'போதும்'. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாசலில் நிற்கிற விற்பனைக்காரரைப் பார்த்து மனம் இரங்கிய பார்வை அது.

"சொன்னால் உங்கட வேலை முடியுமோ?"

"முடியும் ஐயா."

"அப்ப சொல்லுவம்."

ஆறு முறை சொன்னார். ஒரு முறை இருமல், ஒரு முறை வெளியே கடல்காகம், ஒரு முறை மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஏழாவது முறை தொண்டை கம்மி, கண் ஓரம் ஈரமாகி, அப்படியே நான் கேட்டபடி வந்தது. இருமி இருமி வந்த ஈரம் அது. "சூப்பர் ஐயா!" என்று கை தட்டினேன். அவர் பாதி குடித்த கோப்பையைச் சன்னல் கட்டையில் வைத்தார். அந்த அம்மா நாற்காலியிலிருந்து எட்டி, அதை நோக்கிக் கை நீட்டினார்.

"ஐயோ அம்மா, தொட்டுடாதீங்க! கன்டினியூட்டி போயிடும்!"

பிறகு விளக்கினேன். நாளை எடுப்பதையும் இன்றே எடுத்ததுபோலக் காட்ட வேண்டும், ஆகவே எதுவும் இடம் மாறக் கூடாது. "ஷூட்டிங் முடிஞ்சுதுன்னு நான் பேக்-அப் சொல்ற வரைக்கும் இந்த வீட்ல இன்னிக்கே இருக்கட்டும்மா. அதே சேலை, அதே போர்வை. காலண்டர்ல தாள் கிழிக்காதீங்க. கப்பு இப்படியே பாதியா இருக்கணும்."

நீட்டிய கையை அவர் மடிக்குள் வைத்துக்கொண்டார். "சரி பிள்ளை" என்றார். எதற்காகக் கை நீட்டினார் என்று நான் கேட்கவில்லை. நோட்டை எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து, அன்றைய நிலையை எழுதிக்கொண்டேன். சினிமாவில் உதவி இயக்குநராக இருந்த காலத்துப் பழக்கம். குளிர்பெட்டியைப் போட மறந்து, பாட்டரியைத் திருப்பித் தர மறந்து, இரண்டு பேரும் விடுதிக்குப் போனோம்.

மறுநாள் சாவு வீட்டுக்குப் போகிற மனதோடு போனோம். சிவபாதம் அதே தலையணையில் அதே சாய்மானத்தில் இருந்தார். சன்னல் கட்டையில் கோப்பியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சூடாக்கி வைத்தார்களா என்று கேட்டதற்கு, தொட வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார் அந்த அம்மா. அணைந்து கிடந்த குளிர்பெட்டிக்குள் பால் திரியவில்லை, வெட்டி வைத்த மீன் வெட்டிய மணத்தோடே இருந்தது. நர்ஸ் இங்கெர் வந்து நாடி பிடித்து, நேற்றைய தாளைப் பார்த்து, திரும்ப நாடி பிடித்து, அதே எண்ணை எழுதிக்கொண்டு, காலணியை மாட்டிக்கொண்டு போனார். வியாழனும் அதே எண்.

வெள்ளிக்கிழமை, அதாவது வெளியே வெள்ளிக்கிழமை, மங்கையர்க்கரசி என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். "பிள்ளை, இஞ்சை இன்னும் செவ்வாய்க்கிழமை" என்றார், அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்கிற குரலில். "எனக்கு அண்டைக்குப் பசிச்ச பசிதான் இப்பவும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவருக்குத் தாடி ஒரு மயிர் வளரேல்லை. நீங்கள் சொன்ன சொல்தான் நாளைப் பிடிச்சு வைச்சிருக்குது." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "முடிக்கிற மற்றச் சொல்லைச் சொல்லிப் போடாதேங்கோ. தாலியிலை கை வைச்சுக் கேக்கிறன்."

"சொல்லமாட்டேம்மா" என்றேன். சத்தியம் செய்தேன்.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மக்கள்மேல் மரியாதைதான் வருகிறது. ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. சூரியனே போகாமல் வானத்தில் சுற்றுகிற ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை போகாமல் இருப்பது அவர்களுக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. தமிழ்ச் சங்கம் ஒரு கூட்டம் போட்டு, ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்றும், பிள்ளைத்தாய்ச்சிகள் வாசலோடு நிற்க வேண்டும் என்றும், உள்ளே இருப்பவர்கள் வெளிச் செய்தி பேசி நாளைக் குழப்பக் கூடாது என்றும் மூன்று விதி எழுதிக் கதவில் ஒட்டியது. பெண்கள் குழம்புச் சட்டிகளைக் கொண்டுவந்து சமையலறையில் அடுக்கினார்கள், வேண்டுகிறபோது வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். புதன்கிழமை விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவிருந்த பாஸ்கரனும் நிர்மலாவும், அந்த வீட்டுக்குள் இருக்கும்வரை இன்னும் புருஷன் பெண்சாதிதானே என்று வந்து, சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து, பேசாமல் வடை சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு ஹால்வார் என்கிற நார்வேக்காரக் கிழவர், புதன்கிழமை ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று மருத்துவர் நாள் குறித்திருந்த தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலின் காலடியில் படுக்க வைத்தார். நிர்மலா ஒரு போர்வையைக் கொண்டுவந்து போட்டாள்.

துஷ்யந்தன் என்று ஒருவன் இருந்தான். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, ஜூன் பத்தொன்பதாம் தேதிக்குள் நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தவன். ஒரு பையோடு வந்து கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டான். அவன் வந்த நாலாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அந்த நாட்டு வழக்கப்படி வாசலில் காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்து, சுவரில் தாள் கிழிக்காமல் ஜூன் பதினெட்டிலேயே நிற்கிற தமிழ்க் காலண்டரைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், "ஆக, நாளைக்கு" என்று சொல்லித் தலையாட்டினார். மங்கையர்க்கரசி கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு வெளியே போய், வண்டியில் உட்கார்ந்து நாளைக்காகக் காத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை மாற்றிக்கொண்டு அந்த வண்டி கடைசிவரை வாசலில் நின்றது.

எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருந்தவர் மங்கையர்க்கரசி. அவரும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிள்ளைகளை ஆள்மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் மனைவிக்கு மாலை ஷிஃப்ட், கணவருக்குக் காலை ஷிஃப்ட். "மூண்டு அம்பதுக்கு இவர் வீட்டை வருவார், நாலு பத்துக்கு நான் வெளிக்கிடுவன். இருபத்திரண்டு வரியம் பிள்ளை, நாளுக்கு இருபது நிமிசம்தான் முகம் பாத்தனாங்கள். பேந்து பென்ஷன் வந்தது, அதோடை இந்த நுரையீரல் வருத்தமும் வந்தது." இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேரம் என்பதே கிடையாது என்கிற தெம்பில், இருபத்திரண்டு வருடமாகச் சொல்ல நேரமில்லாமல் போன அத்தனையையும் சொன்னார். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் எப்போது விழுந்தது, தொழிற்சாலையில் எந்த மேற்பார்வையாளன் என்ன சொல்லித் தன்னை அழவைத்தான், எந்தப் பனிக்காலத்தில் கடலில் இறங்கிவிடலாமா என்று ஒரு தரம் யோசித்தார். சிவபாதம் "ஓம்", "ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "முந்தியே சொல்லியிருக்கலாமே, இஞ்சரும்" என்றார் ஒரு தடவை. "எப்ப சொல்லுறது?" என்று அந்த அம்மா சிரித்தார்.

நான் இதையெல்லாம் படம் எடுத்தேனா? இல்லை. கட்டிலில் இருக்கிறவர் சன்னல் வழியே பார்க்க வேண்டும், அதுதான் என் கதை. அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது என் கதைக்கு இடைஞ்சல். தினமும் போய், நோட்டைத் திறந்து, முதல் நாள் எழுதியதோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே "அதே" என்று எழுதினேன். பூச்சாடி: அதே. தலையணை: அதே. கப்பு: அதே. படம் முடிவில்லாமல் நின்றது. விசா முடிய இரண்டு நாள் இருந்தது.

பத்தொன்பதாம் நாள், அந்த அம்மா குளிக்கப் போயிருந்தபோது, சிவபாதம் என்னைத் தலையசைத்துக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்தக் கோப்பியை அவவுக்குக் குடுங்கோவன்."

"எதுக்கு ஐயா?"

"அது அவவின்ர பாதி." மூச்சு வாங்கினார். "நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பாதி குடிப்பன். மிச்சத்தை அவ நிண்ட நிலையில குடிச்சுப் போட்டு வேலைக்கு ஓடுவா. இருபத்திரண்டு வரியம் அப்பிடித்தான். அவ குடிச்சால்தான் நாலு பத்து முடியும்."

எனக்கு அவர் சொல்லவருவது முழுதாகப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"ஆறு மணிக்குத்தான் எனக்கு நோவுக்கு மருந்து. இங்கெர் வாறா, ஊசி போடுறா, மருந்து உள்ளுக்குப் போகுது. ஆனால் ஆறு மணி வருகுதில்லை. நாலு பத்து நோவு சும்மா நோவில்லை, பிள்ளை. மத்தியான மருந்து முடிஞ்ச நேரம்." கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். "நித்திரையும் இல்லை. ஃபக்டரியில எவ்வளவு மீன் வந்தாலும் அது ஓடுற பெல்ட்டை நிப்பாட்டித் தண்ணி அடிச்சுக் கழுவிப்போட்டு வீட்டை வந்திருவன். உது என்ன ஷிஃப்ட், முடியிறதே இல்லை."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"அவ எவ்வளவு சந்தோசமாக் கதைக்கிறா. நான் எப்பிடிச் சொல்லுவன்?"

அந்த அம்மா ஈரத் தலையோடு வந்தார். நான் சொன்னேன், திக்கித் திக்கி, எனக்குத் தெரிந்த விதத்தில். அவர் முகம் கறுத்துப்போனது.

"உங்களுக்குப் படம் முடியவேணும்" என்றார். "விசா முடியப் போகுது, அதாலை என்ர மனிசனும் முடியவேணும். அப்பிடித்தானே?"

முதல் நாள் அவர் சாகப் போகிறார் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவள்தானே நான். அந்த அம்மா கட்டில் பக்கம் திரும்பி, "இஞ்சருங்கோ, நோகுதே உங்களுக்கு?" என்று கேட்டார். "இல்லை" என்றார் சிவபாதம், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "பாத்தீங்களே?" என்று என்னைப் பார்த்தார் அந்த அம்மா.

வலப்பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தால் சிவபாதத்தின் முகமும் வலது கையும்தான் தெரியும். இடது கையைப் பார்த்தது காமிராவும் நானும் மட்டும். நான் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கே உறைத்தது.

அவர் வாய்விட்டுப் படித்தார். "கப்பு: பாதி, ஆவி வரவேண்டும். சேலை: சாம்பல் நிறம், சிவப்புக் கரை. முகம்: அமைதி, ஆனால் தாடை இறுகியிருக்கிறது." நிறுத்தினார். மெதுவாக, எழுத்துக் கூட்டுகிறவரைப் போல அடுத்த வரியைப் படித்தார். "இடது கை: போர்வையை இறுக்கிப் பிடித்திருக்கிறார், நகம் வெளுத்திருக்கிறது. மிக அழகாக இருக்கிறது. மாற்றவே கூடாது."

பக்கத்தைத் திருப்பினார். இடது கை: அதே. திருப்பினார். இடது கை: அதே. பதினெட்டுத் தரம் திருப்பினார். அவர் எழுந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, பத்தொன்பது நாளில் முதல் முறையாக இடப்பக்கம் வந்து, போர்வையைப் பற்றியிருந்த அந்தக் கையைப் பார்த்தார். விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், பிரியவில்லை.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"நீர் கதைச்சுக்கொண்டிருந்தனீர்" என்றார் சிவபாதம்.

அதற்குப் பிறகு எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள்தான். காமிராவைப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். ஜெரால்டு அதற்கு முன்பே மூடிவிட்டார். அந்த அம்மா சன்னல் கட்டையிலிருந்து கோப்பையை எடுத்தார். நாற்காலியில் உட்காரவில்லை. வேலைக்குப் போகிறவர் மாதிரி நின்றபடியே, அவரைப் பார்த்துக்கொண்டே, தன் பாதியைக் குடித்தார். அவசரமில்லாமல், வாய் வாயாகக் குடித்தார். வெறும் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லுங்கோ, பிள்ளை."

பதினைந்து வருடமாகத் தினமும் சொல்கிற சொல், நாக்கில் ஏற மறுத்தது. "பேக்-அப்" என்றேன், கத்திச் சொல்கிற வார்த்தையை யாருக்கும் கேட்காதபடி சொன்னேன். ஜெரால்டு சட்டைப் பையிலிருந்து பாட்டரியை எடுத்துக் கடிகாரத்தில் போட்டார். டிக் டிக் என்று கேட்டது. சமையலறையில் பால் திரிந்த வாடை வந்தது, பூச்சாடியில் இதழ்கள் ஒன்றாக உதிர்ந்தன, சிவபாதத்தின் கன்னத்தில் வெள்ளையாகத் தாடி படர்ந்தது. ஹால்வார் நாயைத் தூக்கிக்கொண்டார். பாஸ்கரனும் நிர்மலாவும் எழுந்து நின்றார்கள். யார் முதலில் வெளியே போவது என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கி, ஒன்றாகப் போனார்கள். துஷ்யந்தன் பையை எடுத்துக்கொண்டு, அந்த அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, வெளியே போய், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரரைத் தானே கண்ணாடியைத் தட்டி எழுப்பினான்.

நாலு பத்திலிருந்து ஆறு மணிவரைக்கும் அந்த அம்மா இடப்பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. ஆறு மணிக்கு இங்கெர் வந்து ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. "பெல்ட்டைக் கழுவியாச்சோ?" என்று கேட்டார் சிவபாதம். "ஓம், கழுவியாச்சு" என்றார் மனைவி. அவர் தூங்கிவிட்டார். மறுநாள் காலையில், அந்தத் தூக்கத்திலேயே போனார். மங்கையர்க்கரசி காலண்டரில் பத்தொன்பது தாள்களைக் கிழித்தார். ஒரே இழுப்பில் கிழிக்காமல், ஒவ்வொன்றாக, தேதியைப் படித்துப் படித்துக் கிழித்தார்.

நான் நல்லவளாகிவிட்டேன் என்று இங்கே நிறுத்தலாம். ஆனால் சென்னைக்கு வந்து, படத்தைத் தொகுக்க உட்கார்ந்தபோது, அந்த ஏழாவது டேக் இருந்தது. அதை எடுத்துவிட்டால் படம் இல்லை. பல மாத உழைப்பு, இரண்டு நாடு, அடுத்தவர் போட்ட பணம், எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்கியது. மூன்று முறை வெட்டினேன், மூன்று முறை திரும்பச் சேர்த்தேன். தயாரிப்பாளர் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையிட்ட இடத்திலெல்லாம் அந்த வரியில் அழுதார்கள். "எப்படி மேடம் இப்படி ஒரு உண்மையைப் பிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். நன்றி சொன்னேன்.

தைப் பொங்கலுக்கு அந்த ஊர்த் தமிழ்ச் சங்கம் படத்தைப் பார்க்கக் கூப்பிட்டது. அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் எழும்புவதே இல்லை. நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தார்கள். மங்கையர்க்கரசி முதல் வரிசையில், வெள்ளைக் குளிர்ச்சட்டையில், மெலிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையை எனக்காக வைத்திருந்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரையில் சிவபாதம் வந்தார். சன்னல், கடல், பாதிக் கோப்பி, அதிலிருந்து ஆவி. "ஊர்க் கடலை ஒருக்காப் பாத்தாக் காணும்" என்றார், தொண்டை கம்ம. அவரை நாற்பது வருடம் தெரிந்தவர்கள், அவர் அப்படி நினைக்கிறவர் இல்லை என்று நன்றாகத் தெரிந்தவர்கள், அவர்களும் அழுதார்கள். மண்டபத்தில் அழாமல் இருந்தவர் அந்த அம்மா ஒருவர்தான். அவர் திரையில் முகத்தைப் பார்க்கவில்லை. காமிரா இடப்பக்கம் இருந்ததால் அந்தக் கை பெரிதாக, வெளுத்த நகங்களோடு, போர்வையைப் பிடித்தபடி தெரிந்தது.

"அவர் தானா உப்பிடிச் சொல்லேல்லை" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியும்மா."

படம் முடிந்து, கைதட்டி, விளக்கைப் போட்டார்கள். மற்றவர்கள் தேநீர் ஊற்றுகிற மேசைப் பக்கம் நகர்ந்தார்கள். அவர் அசையவில்லை.

"பிள்ளை, இதை இன்னும் எத்தினை ஊரிலை போடுவியள்?"

"கூப்பிடுற இடத்துலெல்லாம் போடுவாங்கம்மா. நான் நிறுத்தினாலும் நிக்காது. வித்தாச்சு."

அவர் வெள்ளைத் திரையைக் கையால் காட்டினார்.

"அங்கை இன்னும் நாலு பத்துத்தானே" என்றார். "என்ர பாதி அப்பிடியே கிடக்குது. எட்டிக் குடிக்கவும் ஏலாது." பிறகு, அன்றைக்குத் தன் கணவரிடம் கேட்ட அதே குரலில், என்னிடம் கேட்டார். "அதுக்குள்ளை அவருக்கு இன்னும் நோகுதே, பிள்ளை?"

"இல்லைம்மா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கை துப்பட்டாவை இறுக்கிப் பிடித்திருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.